கோடை உழவும் ஆக்காட்டி முட்டையும்

சித்திரை கடைசியில ஒரு மழை பெஞ்சுதுங்க. ஒரு உழவு மழைன்னு எங்க பக்கம் சொல்லுவோம். கலப்பை இறங்கற அளவுக்கு மண்ணு நனைஞ்சா அதுக்குப் பேரு உழவு மழை. அடுத்த நாள் விடியக்காலம் காங்கேயம் சுத்துவட்டாரத்துல இருக்கற டிராக்டர் அத்தனையும் காட்டுக்குள்ள இறங்கிடுச்சு. எனக்கு மூணு ஏக்கர் மானாவாரிக் காடு, அதுக்கு ஒட்டுனாப்புல நாலு ஏக்கர் கொறங்காடு. மானாவாரியை உழுதுடலாம்னு முந்தின ராத்திரியே டிராக்டர்காரத் தம்பிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். மணிக்கணக்கு வாடகை. அதனால அவனும் வண்டியை நிறுத்த மாட்டான், எனக்கும் நிறுத்தச் சொல்ல மனசு வராது.

ஆனா அன்னிக்கு நிறுத்தச் சொன்னேன். மேக்கால மூலையில நான் நட்டு வெச்சிருந்த குச்சி கண்ணுல பட்டதும் கையைத் தூக்கிட்டு வண்டிக்கு முன்னால ஓடினேன்.

“ஏனுங்ணா, கல்லு ஏதாச்சும் கெடக்குதுங்களா?”ன்னான்.

“கல்லு இல்ல தம்பி, ஆக்காட்டி முட்டை. அந்தக் குச்சியைச் சுத்தி அஞ்சு சென்ட்டு விட்டுரு.”

“அஞ்சு சென்ட்டுங்களா? எத்தன முட்டைங்ணா இருக்குது?”

“நாலு.”

அவன் சிரிச்சான். ஒரு முட்டைக்கு ஒண்ணேகால் சென்ட்டு வருதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னான். ஆனா விட்டுட்டு ஓட்டினான். திருப்பி வளைச்சு ஓட்டினதுல ஒரு கால் மணி நேரம் கூடப் போயிருக்கும். அவ்வளவுதான் எனக்கு ஆன செலவு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்த வருஷம் டவுன்ல இருந்து மூணு நாலு பேரு போன் பண்ணி, “பறவைகளைக் காப்பாத்த நாங்க என்ன பண்ணலாம், தன்னார்வலரா வரலாமா”ன்னு கேட்டாங்க. நல்ல மனசோட கேட்டவங்க. அவங்களுக்கு போன்ல முழுசா பதில் சொல்ல முடியல. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். பறவை நிபுணரு இல்லை. ஆனா ஆறு வருஷமா என் காட்டுலயும் அக்கம்பக்கத்துக் காட்டுலயும் தரையில முட்டை வெக்கற குருவிகளைப் பார்த்து நோட்டுல எழுதிட்டு வர்றேன். அதுல எனக்குப் பட்டதைச் சொல்றேன். கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்குங்க.

மொதல்ல ஆக்காட்டியைப் பத்தி. புத்தகத்துல ஆள்காட்டின்னு போட்டிருக்கும். ஆளு வந்தா கத்திக் காட்டிக் கொடுத்துடும், அதனால அந்தப் பேரு. ரெண்டு வகை இருக்கு. குளத்தோரம், வாய்க்காலோரம் தலைக்கு மேல பறந்து பறந்து கத்தறது சிவப்பு மூக்கு ஆள்காட்டி. அதை நீங்க டவுன்ல காலி மனையிலகூடப் பார்த்திருக்கலாம். இன்னொண்ணு மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. கண்ணுக்கு முன்னால மஞ்சளா ஒரு தோல் மடல் தொங்கும், தலையில கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். இது தண்ணியை விட்டுத் தள்ளி, பொட்டல் காட்டுலயும் மேய்ச்சல் காட்டுலயும்தான் குடியிருக்கும். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத குருவி இது. சத்தமும் கம்மி. ஆளைக் கண்டா முட்டையை விட்டு எந்திரிச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தப் பக்கமா நடந்து போயிடும். அது நடக்கற தோரணையைப் பார்த்தா அங்க முட்டை இருக்குன்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க.

கூடுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம். சுத்தியும் நாலு சிறுகல்லு, ஆட்டுப்புழுக்கை. அதுல பெரும்பாலும் நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்த மாதிரி இருக்கும். மண்ணு நிறத்துல கரும்புள்ளி. நாலடி தள்ளி நின்னாலே தெரியாது. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி நாலு வாரம் அடைகாக்கும். மத்தியான வெயில்ல காலை வெச்சா கொப்பளிக்கற மண்ணு மேல உக்காந்திருக்கும். எங்கயாவது தொட்டித் தண்ணியில வயித்து எறகை நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வெக்கும். இதை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். எங்க மாட்டுத் தொட்டியிலதான் அது நனைச்சுட்டுப் போச்சு.

இது முட்டை வெக்கற காலம் மாசி கடைசியில இருந்து ஆனி வரைக்கும். அதாவது நல்ல கோடை. இங்கதான் சிக்கல். கோடை உழவு கோடி நன்மைன்னு எங்களுக்கு ஒரு பழமொழி உண்டு. வேளாண்மை அதிகாரிங்களும் அதைத்தான் சொல்றாங்க. தப்பில்லை. கோடை மழையில உழுது போட்டா மழைத்தண்ணி மண்ணுல இறங்கும், புழுவோட கூண்டு வெளிய வந்து வெயில்ல சாகும், களை குறையும். உழவு வேண்டாம்னு சொல்ற விவசாயி மானாவாரியில பொழைக்க முடியாது. ஆக, நாங்க உழுதே ஆகணும்ங்கற நாளும், அது அசையாம உக்காந்தே ஆகணும்ங்கற நாளும் ஒண்ணா இருக்கு.

அப்போ எங்க அப்பாரு காலத்துல மட்டும் இந்தக் குருவி எப்படிப் பொழைச்சுது? நான் இதை ரொம்ப நாள் யோசிச்சேன். அப்பாருக்கு ரெண்டு சோடி மாடு. ஏரு ஓட்டறப்ப அவரு மாட்டுக்குப் பின்னால மண்ணைப் பார்த்துக்கிட்டேதான் நடப்பாரு. மாட்டுக்கு முன்னால ஆக்காட்டி எந்திரிச்சா உடனே தெரிஞ்சுடும். மேழியைத் தூக்கி ரெண்டு சாலு தள்ளிப் பிடிப்பாரு. ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் உழறதே பெருசு, குருவிக்கும் நேரம் இருந்துச்சு, மனுசனுக்கும் இருந்துச்சு. அவரு ஒண்ணும் பறவைக் காதலர் இல்லை. சின்ன வயசுல கவுதாரிக்குக் கண்ணி வெச்சவருதான். நானே ஆக்காட்டி முட்டையை அவிச்சுத் தின்னிருக்கேன். ஆனா அன்னிக்குத் தின்னது பத்துக் கூட்டுல ஒண்ணு. இப்ப டிராக்டர்ல மேல உக்காந்து பின்னால திரும்பிக் கலப்பையைப் பார்த்துட்டு ஓட்டற தம்பிக்கு, முன்னால தரையில என்ன கெடக்குதுன்னு தெரியவே தெரியாது. அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கர் முடிஞ்சுடும். பத்துல பத்துக் கூடும் போயிடும்.

என் கூடும் அப்படித்தான் போச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால, இதே காடு. உழவு முடிஞ்சு டிராக்டர் போன பிற்பாடு வரப்புல உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருந்தேன். புதுசா உழுத புழுதி நடுவுல ரெண்டு மஞ்சள் மூக்கு ஆக்காட்டி நின்னுட்டு இருந்துச்சு. பத்தடி நடக்கும், நிக்கும், திரும்பி அதே எடத்துக்கு வரும். எனக்கு முதல்ல புரியல. புழு பொறுக்குதுன்னு நெனச்சேன். சாயங்காலம் மாடு பிடிக்கப் போனப்பவும் அங்கதான் நின்னுச்சு. கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒரு ஓட்டுத் துண்டு கெடந்துச்சு. வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன். “கூப்பிட்டிருந்தா நான் முன்னாடி நடந்து பார்த்திருப்பேனே”ன்னு மட்டும் சொன்னா. அந்த ஒரு வார்த்தைதான் நான் இன்னிக்கு எழுதறதுக்கெல்லாம் அடிப்படை. முன்னாடி நடந்து பார்க்க ஒரு ஆளு. அவ்வளவுதான் வேணும்.

அடுத்த தையில, பொங்கல் சமயத்துல, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கற ஒரு பையன் கழுத்துல பைனாகுலரோட எங்க இட்டேரியில வந்துட்டு இருந்தான். 2015ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடக்குது, நாலு நாள் அவங்கவங்க பக்கத்துல இருக்கற பறவைகளை எண்ணிப் பதிவு பண்றதுன்னு சொன்னான். மோர் குடுத்து உக்கார வெச்சுக் கேட்டேன். அவன்தான் எனக்கு ரெண்டு ஆக்காட்டிக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தான். வானம்பாடி வகை எத்தனை, காடை எத்தனை, கவுதாரி எங்க முட்டை வெக்கும்னு நான் சொன்னதை அவன் எழுதிக்கிட்டான். “ஐயா, நீங்களே ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. நாங்க நாலு நாள் வர்றோம், நீங்க முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் இங்க இருக்கீங்க”ன்னான். என் பொண்ணோட பழைய ஸ்கூல் நோட்டுல எழுத ஆரம்பிச்சேன்.

இந்த மாதிரி சாதாரண ஆளுங்க எழுதறதுக்கு மதிப்பு இருக்கான்னு கேட்டா, இருக்கு. 2023ல இந்தியப் பறவைகளின் நிலைன்னு ஒரு அறிக்கை வந்துச்சு. முப்பதாயிரத்துக்கு மேலான பறவை பார்க்கறவங்க குடுத்த பதிவுகளை வெச்சு 942 வகைப் பறவைகளைப் பத்தி எழுதினது. அதுல 178 வகைக்கு உடனடிக் கவனம் வேணும்னு சொல்லியிருந்தாங்க. காட்டுப் பறவைகளைக் காட்டிலும் புல்வெளி, பொட்டல்னு வெட்டவெளியில வாழற பறவைகளுக்கு அடி பலம்னு அந்தப் பையன் படிச்சுச் சொன்னான். எனக்கு அது ஆச்சரியமா இல்லை. எங்க பக்கம் நடக்கறதை யாரோ கணக்காப் போட்டுக் காட்டின மாதிரி இருந்துச்சு.

வெட்டவெளிப் பறவை எப்படி அழியும்னு தெரிஞ்சுக்க கானமயிலைப் பாருங்க. ஆளு இடுப்பு உசரத்துக்கு இருக்கற பறவை. ஒரு காலத்துல தமிழ்நாட்டு வறண்ட பூமியிலயும் நடந்துட்டு இருந்துச்சு. வெறும் தரையில, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை வெக்கும். இன்னிக்கு நாடு முழுக்கச் சேர்த்து நூத்தம்பது இருந்தா அதிகம். அதுலயும் பெரும்பங்கு ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் பக்கம். கரண்டு கம்பியில மோதிச் சாகுதுன்னு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆக்காட்டி அந்த நெலமைக்கு இன்னும் வரலை. வந்த பிற்பாடு வழக்குப் போடறதை விட, குச்சி நடறது சுலபம்.

சரி, தன்னார்வலரா வர்றவங்களுக்கு வர்றேன்.

நீங்க வர்றது பெரும்பாலும் மார்கழி, தை மாசம். வெளிநாட்டுப் பறவை வர்ற காலம், குளிரும் இதமா இருக்கும், குளத்தோரம் நின்னா நூறு வகை பார்க்கலாம். நல்லதுதான். ஆனா தரையில முட்டை வெக்கறது பங்குனி, சித்திரை, வைகாசி. அன்னிக்கு எங்க காட்டுல நெழலுக்கு ஒரு வெள்வேலாமரம்தான் இருக்கும். அந்த வெயில்ல இதுவரைக்கும் எங்க ஊருக்கு வந்தவங்க ரெண்டே பேரு. குளத்துக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கோடையில பொட்டல் காட்டுக்கு வந்தாப் போதும்னு நெனக்கறேன்.

அடுத்தது மரம். இதைச் சொன்னா டவுன்ல நெறைய பேருக்குக் கோவம் வரும். தயவு பண்ணி எங்க கொறங்காட்டுல மரக்கன்னு நடறேன்னு வராதீங்க. கொறங்காடுன்னா காலியா கெடக்கற எடம் இல்லை. சுத்தியும் கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்வேலாமரம். மாடு, ஆடு தானா மேயும், மேய்க்க ஆளு வேண்டாம். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காட்டுலதான். சர்க்கார் வரைபடத்துல இந்த மாதிரி புல்வெளிக்கெல்லாம் தரிசுன்னு பேரு வெச்சுட்டாங்க. தரிசுன்னு படிச்சவங்க அதுல மரம் நட ஆசைப்படறாங்க. நெருக்கமா மரம் வந்துட்டா காக்கா மேல உக்காந்து கீழ எங்க முட்டை இருக்குன்னு பார்க்கும். தூரத்துல நாய் வர்றது தெரிஞ்சாத்தான் ஆக்காட்டி அங்க குடியிருக்கும். அதுக்கு வெட்டவெளிதான் வீடு.

மூணாவது போட்டோ. போன மூணாம் வருஷம் ஒருத்தரு வந்து கூட்டைப் படம் எடுத்தாரு. நல்ல மனுசன்தான், எனக்கும் அனுப்பி வெச்சாரு. எங்க எடுத்ததுன்னு ஊர்ப் பேரோட போட்டுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு காரு. அதுக்கடுத்த நாள் இன்னொண்ணு. ஆளு நிக்கற வரைக்கும் குருவி முட்டைக்கு வராது. மே மாச வெயில்ல அரை மணி நேரம் முட்டை திறந்து கெடந்தா உள்ள வெந்துடும். நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை விழுந்துச்சு, அந்தப் பாதையிலயே நாயும் வந்துச்சு. செவ்வாக்கெழமை கூடு காலி. யாரு மேலயும் எனக்கு வருத்தமில்லை, படம் எடுக்க விட்டது நான்தான். இப்ப யாரு வந்தாலும் கூட்டைக் காட்டறதில்லை. கூடு இருக்கற காட்டைக் காட்டுவேன், தூரத்துல இருந்து அடைகாக்கற குருவியைக் காட்டுவேன். நிலம் தெரிஞ்சவங்களுக்கு அதுவே போதும். இன்னொண்ணு, முட்டை எடுக்கறதும் கூட்டைக் கலைக்கறதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக் கணக்குல வரும். விளையாட்டுக் காரியம் இல்லைங்க.

காவல்னு நாங்க பண்றது ரொம்பச் சின்ன வேலை. காலையில ஆடு திறந்து விடறப்ப கொஞ்ச தூரம் நடக்கறது. குருவி எந்திரிச்சா அங்கயே நின்னு, அது எங்க திரும்பி வந்து உக்காருதுன்னு தூரத்துல இருந்து பார்க்கறது. கூட்டுல இருந்து பத்தடி தள்ளி ரெண்டு பக்கமும் சாதாரணக் குச்சி நடறது. கொடி கட்டறது, வலை போடறது ஒண்ணும் வேண்டாம், அது காக்காவுக்கு அழைப்பு வெச்ச மாதிரி. உழவுக்கு வர்ற தம்பிகிட்டயும், ஆடு ஓட்டிட்டு வர்ற அக்காகிட்டயும் சொல்லி வெக்கறது. வாரத்துக்கு ரெண்டு தடவை எட்ட இருந்து பார்த்து நோட்டுல எழுதறது. குஞ்சு பொரிச்சுட்டா இன்னும் கவனம் வேணும். பொரிச்ச அன்னிக்கே அது எந்திரிச்சு ஓடும், ஆனா தாய் கத்தினா அந்த எடத்துலயே தரையோட தரையா அமுங்கிடும். டிராக்டர் சத்தம் கேட்டாலும் அமுங்கும். அதனால அந்த வாரம் உழுதா வண்டிக்கு முன்னால ஒரு ஆளு நடக்கணும்.

பலன் எப்படின்னா, போன வருஷம் ஏழு கூடு எழுதினேன். நாலு பொரிச்சுது. ரெண்டு கீரியோ நாயோ கொண்டு போச்சு. ஒண்ணை மாடு மிதிச்சுது, என் மாடுதான். பொரிச்ச நாலுல எத்தனை குஞ்சு பறந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியல, பறக்கற வயசுல நான் கண்ணால பார்த்தது அஞ்சு. இது பெரிய வெற்றின்னு சொல்ல வரலை. உழவுல மட்டும் ஒரு கூடும் போகலை, அதைத்தான் சொல்றேன்.

எங்க பக்கத்துக் காட்டுப் பங்காளிக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாத் தெரியும். “ஏற்கனவே மயிலு வந்து வெதச்சதைப் பொறுக்குது, பன்னி வந்து தோண்டுது, இதுல நீ ஆக்காட்டிக்குக் காவல் இருக்கறியாக்கும்”னு கேட்டாரு. மயில் விஷயத்துல அவரு சொல்றது நிஜம், எனக்கும் நட்டம்தான். டவுன்ல இருந்து மயிலை அழகுன்னு சொல்றவங்க அந்த நட்டத்தையும் நெனச்சுப் பார்க்கணும். ஆனா ஆக்காட்டி அப்படி இல்லைன்னு அவருக்குச் சொன்னேன். அது வெள்ளாமையில ஒரு மணி தொடாது. வண்டு, கரையான், புழுன்னு பூச்சிதான் அதுக்குத் தீனி. கூலி இல்லாத ஆளு. அவரு ஒத்துக்கலை. ஆனா இந்த வருஷம் அவரு காட்டை உழறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி, “வேணும்னா வந்து நடந்து பாத்துட்டுப் போ”ன்னாரு. போய் நடந்தேன். கூடு எதுவும் இல்லை. அவரு கூப்பிட்டதே எனக்குப் போதும்.

இந்த மாதிரி வேலை நம்ம ஊருல மட்டும் நடக்கறதில்லை. நெதர்லாந்துல பிரீஸ்லாந்துன்னு ஒரு மாகாணம். அங்கயும் மேய்ச்சல் நெலத்துல ஆள்காட்டி வகை ஒண்ணு தரையில முட்டை வெக்கும். வசந்த காலத்துல முதல் முட்டையை யாரு கண்டுபிடிக்கறாங்கங்கறது அங்க பெரிய பெருமை, அதை ராஜாவுக்குக் காணிக்கையாக் குடுத்த வழக்கம்கூட இருந்துச்சு. 2015 வாக்குல முட்டை எடுக்கறது அடியோட நின்னு போச்சு. அந்த முட்டை தேடின ஆளுங்கதான் இப்பவும் வயலுக்குப் போய்க் கூட்டைத் தேடிக் குச்சி நட்டு வெக்கறாங்க, விவசாயி அதைச் சுத்தி விட்டுட்டுப் புல் அறுக்கறாரு. முட்டை தின்ன பயலே காவல்காரன் ஆகலாம்னு நான் இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். அந்தக் காலேஜ் பையன் உடனே இன்னொண்ணும் சொன்னான். அத்தனை பேரு வேலை செஞ்சும் அங்க குருவி குறைஞ்சுட்டேதான் வருதாம். புல்லைச் சீக்கிரமா, அடிக்கடி அறுக்கறாங்க, பூச்சி இல்லை, குஞ்சுக்குத் தீனி இல்லை. கூட்டைக் காப்பாத்தினாலும் நிலம் செத்துட்டா ஒண்ணும் நிக்காது.

இங்கதான் எனக்குப் பயம். எங்க ஊர்ல பத்து வருஷத்துக்கு முன்னால கொறங்காடா இருந்த எடம் இன்னிக்குப் பாதிக்கு மேல வேறயா இருக்கு. கொஞ்சம் சைட் போட்டுட்டாங்க, கொஞ்சம் சோலார் தகடு, கொஞ்சம் கோழிப்பண்ணை. வித்தவங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரிக் கடன், போர்ல தண்ணி இல்லை. மாடு வளர்த்து வர்ற காசை விட சோலார்க்காரன் குடுக்கற குத்தகை அதிகம். எத்தனை தன்னார்வலர் வந்து குச்சி நட்டாலும், நடறதுக்குக் காடு இருக்கணுமே. கொறங்காட்டுல மாடு மேஞ்சு அதுல ஒரு குடும்பம் சோறு தின்னாத்தான் அந்தக் காடு காடா இருக்கும். நாட்டு மாட்டுப் பாலு, கிடாய், சிறுதானியம்னு எதை வாங்கினாலும், எந்த மண்ணுல இருந்து வருதுன்னு கேட்டு வாங்குங்க. அதுவும் பறவைக் காவல்ல ஒரு பங்குதான்.

கடைசியா, இதை எழுத உக்காந்ததுக்கு முக்கியமான காரணம். என்கிட்ட போன்ல பேசினவங்கள்ல ரெண்டு பேருக்கு ஊர்ல நிலம் இருக்கு. அப்பா, தாத்தா விட்டுட்டுப் போனது. உங்கள்லயும் நெறைய பேருக்கு இருக்கும். நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. நிலம் சும்மா கெடக்குது, முள்ளு மண்டிடும், யாராச்சும் ஆக்கிரமிச்சுடுவாங்கன்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ல ஒருத்தருக்கு பணம் அனுப்பி, “ரொட்டவேட்டர் விட்டு சுத்தம் பண்ணிடுங்க”ன்னு சொல்லுவீங்க. அது எப்போ? பெரும்பாலும் பசங்களுக்கு லீவு விட்டு நீங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னால, ஏப்ரல், மே மாசம். எங்க ஊர்ல மட்டும் அப்படி வெளியூர்க்காரங்க காடு பத்துப் பதினைஞ்சு இருக்கு. யாரும் நடக்காத காடு. அதனாலயே குருவி அங்க போய் நிம்மதியா முட்டை வெக்குது. அந்த நிம்மதியிலதான் ரொட்டவேட்டர் ஏறுது.

உங்களுக்குப் பறவை மேல அக்கறை இருந்தா முதல்ல அந்தப் பேச்சை மாத்துங்க. சுத்தம் பண்றதை ஆடிக்குத் தள்ளி வையுங்க, இல்லை மாசி பாதிக்கு முன்னால முடிச்சுடுங்க. முடியாதுன்னா, “ஓட்டறதுக்கு முன்னால யாரையாவது நடந்து பார்க்கச் சொல்லுங்க, கூடு இருந்தா அஞ்சு சென்ட்டு விடுங்க, அதுக்கு என்ன கூலியோ தர்றேன்”னு சொல்லுங்க. ஊர்ல ஆடு மேய்க்கறவங்களுக்கு எந்தக் காட்டுல எங்க கூடு இருக்குன்னு அத்துப்படி. இதுவரைக்கும் அவங்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். முடிஞ்சா நீங்களே வாங்க. லீவுக்கு வர்ற பசங்களைக் கூட்டிட்டு காலையில ஆறு மணிக்கு உங்க காட்டுல ஒரு சுத்து நடங்க. உங்க நிலத்துல எத்தனை குருவி குடியிருக்குன்னு உங்களுக்கே தெரியாம இருக்கும்.

இந்த வருஷத்துக் கூடு என்னாச்சுன்னு கேப்பீங்க. வைகாசி பத்தாம் தேதி காலையில போனப்ப பள்ளத்துல ஓட்டுத் துண்டு கெடந்துச்சு. மனசு அடிச்சுக்கிச்சு. சுத்தி உழுத புழுதியில பார்த்துக்கிட்டே நின்னேன். பத்து நிமிஷம் கழிச்சு ஒரு மண்ணாங்கட்டி எந்திரிச்சு ஓடுச்சு. அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் மூணு எண்ணினேன். நாலாவது எங்கயோ அமுங்கியிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். விட்டு வெச்ச அந்த அஞ்சு சென்ட்டை இன்னும் உழலை. ஆனியில கொள்ளு வெதைக்கறப்ப சேர்த்து உழுதுக்கலாம்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். “அடுத்த வருஷமும் அதே எடத்துல வெக்குமாங்ணா?”ன்னு கேட்டான். வெச்சாலும் வெக்கும்னு சொன்னேன். குச்சியை நானே நட்டுடறேன், நீங்க அலைய வேண்டாம்னான்.